சுல்தான் நின்ற இடங்கள்

கடிவாளம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்கிற இடத்துக்குக் குதிரை போகும் என்று நான் நம்பினேன். சும்மா மனசுக்குள் நம்பியதோடு விடவில்லை. அந்த நம்பிக்கையை வைத்து ஒரு வேலையில் சேர்ந்தேன், ஒரு குதிரையை அமர்த்தினேன், ஒரு கல்யாணத்தையே தூக்கி அதன் முதுகில் உட்காரவைத்தேன்.

வெளியூர்க்காரர்களைக் கடலோரமாக நாள்கணக்கில் நடத்திக் கூட்டிப்போகும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியதும் நானும் அதன் பின்னாலேயே வந்துவிட்டேன். இன்னும் வேலை செய்வது வாய் மட்டும்தான். தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது, மணலில் எந்த நேரத்தில் நடப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். பயம் வரும்போது என்ன செய்யக்கூடாது என்பதற்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. நான் பயந்த அளவுக்கு இந்தக் கடற்கரையில் நண்டுகூடப் பயந்ததில்லை.

எழுபதுகளின் கடைசி. தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்கால் புதுவை ஆட்சியில் இருந்ததால் இங்கே எல்லாக் கடையும் திறந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தேன்.

பிரான்சில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருகிற சின்ன அலுவலகம் ஒன்றை ஒரு அம்மா நடத்திவந்தார். ஊரே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். கைத்தறிச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டு நடக்கிற பெண்மணியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்த நாட்டில் ஜனங்கள் லீவு போட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மலையோரம் கடலோரம் என்று வாரக்கணக்கில் நடக்கிறார்கள், களைத்தால் குதிரை ஏறுகிறார்கள் என்று அவர் சொன்னபோது, பாவம், பஸ் வசதி இல்லாத நாடு போலிருக்கிறது என்று நினைத்தேன். திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி, வடக்கே பூம்புகார் வரைக்கும் அப்படி ஒரு நடைவழியை அவர் யோசித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கும் தென்னையும், ராத்திரிக்கு வழியில் தெரிந்தவர் வீடு. முதலில் ஒரு வெள்ளோட்டம் போய்ப் பார்ப்பது என்று திட்டம்.

நான் விழிதியூர் விவசாயக் குடும்பத்துப் பையன். படிப்பை முடித்துவிட்டு, வயலுக்கும் போகாமல் ஆபீசுக்கும் போகாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தவன். குதிரை பழக்கம் உண்டா என்று மதாம் கேட்டார். உண்டு என்றேன். பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே எருமை ஏறியவன் நான். எருமைக்கும் குதிரைக்கும் நிறத்திலும் வேகத்திலும்தான் வித்தியாசம் என்று உளமார நம்பினேன். எருமையில் ஏறியிருப்பவன் போக நினைக்கிற இடத்துக்கு எருமை ஒருநாளும் போனதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

குதிரையைத் தேடிப் பட்டினத்து பாய் ஒருவரிடம் போனேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுகிறவர். மகளுக்குப் பிரசவம், அவர் நாகூரில் போய் இருக்க வேண்டும். வண்டி சும்மாதான் கிடக்கப்போகிறது, குதிரையை வேண்டுமானால் கூட்டிப்போகலாம் என்றார். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, கண்ணில் ஒரு ஜமீன்தாரின் அலுப்பு. பெயர் சுல்தான். வழியெல்லாம் பழக வேண்டுமே என்று நான் இழுத்தபோது பாய் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, காரைக்காலின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லை வரைக்கும் அளந்து சொன்னார்.

“வாஞ்சூர்லேந்து பூவம் வரைக்கும் இதுக்குத் தெரியாத எடமே கெடையாது தம்பி. நீங்க வழியே சொல்ல வேணாம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். வழியும் சொல்ல வேண்டாம் என்றால் எனக்கு வேலை என்ன மிச்சம்? அந்தக் குதிரை இத்தனை வருஷமாகத் தினமும் என்ன வேலைக்குப் போய் வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள். ஆளை வேலைக்கு வைக்குமுன் முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கிறோம் இல்லையா, குதிரையையும் கேட்க வேண்டும்.

வெள்ளோட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரையும் மதாம்தான் சேர்த்துக் கோத்திருந்தார்.

ஒருவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மதாமுக்குத் தூரத்து உறவு. காரைக்காலில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். நல்ல பருமன், சிரித்த முகம், மீசை மட்டும் கோபமாக இருக்கும். இன்னொருவர் தரங்கம்பாடிக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சரித்திரப் பாடம் எடுத்தவர். மெலிந்த ஆள், கையில் குடை, நடந்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். முசேயின் மகனும் தலைமையாசிரியரின் மகளும் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், கட்டினால் இவரைத்தான் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். முசேக்கு முழுச் சம்மதம், முறைப்படி பேசவும் விவரம் எழுதித் தரவும் ஒரு தரகரை வைத்தார். மனைவி போன பிறகு அந்த ஒரே மகனை அவர்தான் வளர்த்தார். மகன் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாதாம். தலைமையாசிரியர்தான் பிடிகொடுக்காமல் இருந்தார். தரகர் சொல்வதை நம்பமாட்டேன், அந்த மனுஷரோடு நாலு நாள் சேர்ந்து நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று விட்டார். அதனால்தான் இந்த நடை.

புறப்பட்ட காலையில், பட்டினத்துக் கடற்கரையில், சூரியனைப் பார்த்து நின்றுகொண்டு அவர் தன் நிபந்தனைகளைச் சொன்னார்.

“எனக்குச் சாதி, சொத்து, சீர் எதுவும் பிரச்னை இல்லீங்க. ரெண்டே ரெண்டு விஷயம். குடிக்கிற வீட்டுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன். பொய் சொல்ற வீட்டுக்கும் குடுக்கமாட்டேன்.”

முசே தலையை ஆட்டினார். பிறகு தலைமையாசிரியர் முகம் கொஞ்சம் மலர்ந்து, நீங்கள் குதிரைப்படையில் இருந்தவர் என்று தரகர் எழுதியிருந்தார், ஒழுங்கு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், அந்த ஒன்றுதான் எனக்கு நம்பிக்கை என்றார். அதற்கும் முசே தலையை ஆட்டினார். இந்த இரண்டாவது ஆட்டல் கொஞ்சம் மெதுவாக இருந்தது. நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் பண்ணவில்லை. குதிரைப்படைக்காரரே கூட வருகிறார், நமக்கு ஏதாவது தெரியாவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிம்மதியில் இருந்தேன். எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அவரும் என்னைப் பார்த்து அதே நிம்மதியில் இருந்தார் என்பது.

முதலில் முசேதான் ஏற வேண்டும் என்று தலைமையாசிரியர் ஆசைப்பட்டார். நானும் மதாமும் கீழிருந்து தள்ள, ஒரு நெல் மூட்டை பரணுக்குப் போவதுபோல் முசே மேலே போனார். முட்டி வலி என்று ஒரு காரணம் சொன்னார். கடலோரமாக ஈர மணலில் சுல்தான் அழகாக நடந்தது. காற்று, அலை, முசேயின் மீசை. கண்கொள்ளாக் காட்சிதான். இந்தத் தொழிலில் நான் பெரிய ஆளாக வரப்போகிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அந்த முடிவு ஒரு தென்னந்தோப்பு வரைக்கும் தாங்கியது.

தோப்பு கண்ணில் பட்டதும் சுல்தான் காதை நிமிர்த்தியது. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோப்புக்குள் நுழைந்து, ஒரு கீற்றுக் கொட்டகையின் முன்னால் போய் நின்றது. நின்றது என்றால் நட்டு வைத்ததுபோல் நின்றது. கொட்டகை கள்ளுக்கடை. முசே கடிவாளத்தை இழுத்தார். கடிவாளம் அவர் பக்கம் வந்தது, குதிரை வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, “அட, வந்துட்டாருய்யா” என்று பாசத்தோடு சிரித்தார்கள். அவர்கள் சொன்னது சுல்தானை. பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்த தலைமையாசிரியருக்கு அது யாரைச் சொன்னதாகப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் முதல் பாடம். குதிரை நிற்கும்போது வழிகாட்டி வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். இந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு சுங்கச்சாவடி இருந்தது, வணிகர்களின் குதிரைகள் எல்லாம் இங்கே நின்றுதான் போகும், அந்த வாசனை குதிரை வம்சத்துக்கே ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைதானோ என்று தோன்றியது. தலைமையாசிரியர் குடையை ஊன்றி நின்று, எந்த நூற்றாண்டு என்று கேட்டார்.

“பழைய நூற்றாண்டுங்க.”

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சரித்திர வாத்தியார் கேள்வியை நிறுத்திவிட்டால் அது நல்லதற்கு இல்லை.

கடைக்காரர் ஒரு கை சுண்டலைக் கொண்டுவந்து சுல்தானுக்கு நீட்டினார். தின்று முடித்ததும் அது தானாகத் திரும்பி நடந்தது. நான் என் பேச்சுத் திறமையால் நிலைமை சீரானது என்று நினைத்துக்கொண்டேன்.

கடலோர வழியில் ஒரு சங்கடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு கடலில் விழுகிற இடம் வந்தால் மணலை விட்டு ரோட்டுக்கு ஏறி, பாலம் தாண்டித்தான் ஆக வேண்டும். பாலம் இருக்கிற இடத்தில் கடை இருக்கும். அன்றைக்கு நாங்கள் ரோட்டுக்கு ஏறிய ஒவ்வொரு இடத்திலும் சுல்தான் ஒரு சாராயக்கடை வாசலில் நின்றது. ஒவ்வொரு கடையிலும் உள்ளேயிருந்து அன்பான வரவேற்பு. ஒவ்வொரு வாசலிலும் நான் ஒரு சரித்திரம் சொன்னேன். ஒரு கடைக்குக் கோட்டைக் கதவு, ஒரு கடைக்கு ராணி குளித்த குளம். அரசலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வந்தபோது கைவசம் இருந்த ராஜாக்கள் எல்லாம் தீர்ந்துபோய், சாமியார் ஒருவரை இறக்கினேன். முசே மேலே உட்கார்ந்தபடி தூரத்தில் ஏதோ எதிரிப் படை வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் காரைக்கால் கடற்கரையில் தலைமையாசிரியர் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மதாம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“குதிரைய பாத்து யாரும் பயப்படல. ஒன் மூஞ்சிய பாத்துத்தான் பயப்படுறாங்க. பயம் வந்தா வாய மூடிக்கிட்டு நட. அது போதும்.”

இந்தத் தொழிலில் நான் வாங்கிய உபதேசம் இவ்வளவுதான். இதற்குமேல் யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை, தேவையும் படவில்லை. உடனே புரிந்ததா என்றால் இல்லை. மறுநாள் மத்தியானம்தான் புரிந்தது.

அவர் போனதும் முசே மணலில் கால் அகட்டி நடந்து என்னிடம் வந்தார். ஒரு நாள் சவாரியில் அவர் நடை நண்டு நடையாகியிருந்தது. குரலைத் தாழ்த்தி, “தம்பி, இந்தக் குதிரை ஏன் இப்படிப் பண்ணுது? நீங்க குதிரைக்காரர்தானே, ஒரு வழி சொல்லுங்க” என்றார். நான், “நீங்கதானே குதிரைப்படை, நீங்க சொல்லுங்க” என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு அலை வந்து திரும்பிப் போனது.

“நான் குசினிப்பா” என்றார் முசே.

பட்டாளத்துக் குசினி. சமையல்காரர். பணி முழுக்கக் கரண்டிதான் பிடித்திருக்கிறார். ரெஜிமெண்ட் பேரில் குதிரை என்று இருந்ததாம், அதைப் பார்த்துத் தரகர் குதிரைப்படை என்று எழுதிவிட்டார். இவரும் படித்தார், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது என்று திருத்தாமல் விட்டுவிட்டார். நான் எருமை விவரத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்தினார். சிக்கல் அவருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். குதிரை தன் சொல் கேட்கவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னால் குதிரைப்படை பொய்யாகிறது. குதிரைப்படை உண்மை என்றால் கடை கடையாகப் போய் நின்றது அவரே ஆகிறது. குடிகாரனா, பொய்க்காரனா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அந்த மனிதர் பெண் தரமாட்டார். முசே வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை என்பது இதில் சேர்த்தி இல்லாத தகவல். “பையன்கிட்ட என்னன்னு சொல்வேன்” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் சரித்திரம் இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் ஒரு தந்திரம் செய்தோம். முசே குதிரை ஏறமாட்டார், நடப்பதுதான் பட்டாள வழக்கம் என்று சொல்லிவிடுவார். நான் சுல்தானைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முன்னால் போவேன். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் கலைகிற நேரத்தில் தாண்டினோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சுல்தானைப் பார்த்து, “இன்னிக்கு வண்டி எங்க, நடந்தே வந்துட்டியா” என்று குசலம் விசாரித்தார்கள். இதையும் தலைமையாசிரியர் கேட்டார். அப்போதாவது அவருக்குச் சந்தேகம் குதிரையின் பக்கம் போயிருக்கும் என்று நான் ஆசைப்பட்டேன். அடுத்த கடையில் சுல்தான் என்னைக் கயிற்றோடு தரதரவென்று வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதில் அந்த ஆசையும் போனது. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தலைமையாசிரியர் என் செருப்பைக் குடை நுனியால் நகர்த்திக் கொடுத்தபடி, “தம்பிக்குமா இந்தப் பழக்கம்?” என்றார். அவ்வளவு துக்கமாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

மண்டபத்தூர் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தலைமையாசிரியரின் புதுத் தோல்செருப்பு கடித்து, குதிகால் கொப்புளித்துவிட்டது. கோடு போட்ட நடை அலை அலையாகப் போக ஆரம்பித்தது. முசேதான் பார்த்துவிட்டு, நீங்கள் குதிரையில் ஏறிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினார். அதில் தந்திரம் எதுவும் இல்லை, அவர் சுபாவமே அப்படி. அடுத்தவர் காலைப் பார்த்துவிட்டார், அதற்குமேல் யோசிக்கவில்லை. தலைமையாசிரியர் மறுத்து, பிறகு வலி தாங்காமல் ஒப்புக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்து ஏற்றினோம். முசேயைவிட லேசாக ஏறினார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியே கொஞ்ச தூரம் போய், நண்டலாற்றுப் பாலத்துக்காக மணலை விட்டு ரோட்டில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் பூவம். எங்கள் எல்லையின் கடைசி ஊர். பாலத்துக்கு இந்தப் பக்கம் கடைசிக் கடை. அந்தப் பக்கம் தமிழ்நாடு. வறண்டுபோன தரங்கம்பாடி முழுக்க நடந்து வந்து தாகம் தீர்த்துக்கொள்கிற இடம் அது.

அவரைக் கீழே இறக்கிவிடலாம் என்று ஓடினேன். சுல்தானும் ஓடியது. அந்த இரண்டு நாளில் அது ஓடி அப்போதுதான் பார்த்தேன்.

கடை வாசலில் பெஞ்சு போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குதிரை வந்து நின்றது. குடையை மடக்கித் தலைமையாசிரியர் பார்த்தார். அவர்கள் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், பெஞ்சு முழுக்க எழுந்தது. எல்லோருடைய வலது கையும் டம்ளரோடு முதுகுக்குப் பின்னால் போனது. ஒரே குரலில், நீட்டி முழக்கி, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார்கள்.

“வணக்கம் சார்.”

அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள். பாதிப் பேருக்கு நரை விழுந்திருந்தது, ஆனால் நின்ற நிலையில் ஒருவருக்கும் பத்து வயதைத் தாண்டாது. அவரால் உட்காருங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. காலை உதைத்துப் பார்த்தார். கடிவாளத்தை இழுத்தார். சுல்தான் சுகமாக ஒரு காலை மடித்து ஓய்வெடுத்தது. இறங்க நினைத்து ஒரு பக்கம் சாய்ந்தார், பயந்துபோய் மறுபடி நிமிர்ந்தார். ஊருக்குள் இந்தச் செய்தி அவருக்கு முன்பே போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். இந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு பள்ளிக்கூடம், என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மதாம் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான். நான் பேசியிருந்தால் முசே பேசியிருக்கமாட்டார்.

தலைமையாசிரியர் மேலிருந்து முசேயைப் பார்த்து, “நீங்க குதிரைப்படையில இருந்தவர். இத எப்படிக் கெளப்புறதுன்னு சொல்லுங்க” என்றார். கட்டளை மாதிரி இல்லை. கெஞ்சினார்.

முசே பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“எனக்குத் தெரியாதுங்க. நான் குதிரைப்படை இல்லீங்க. குசினி. பட்டாளத்துக்குச் சமைச்சுப் போட்டவன்.”

“அப்ப நேத்து?”

“நேத்து சும்மா மேல உக்காந்திருந்தேங்க. அதுவா போச்சு, அதுவா நின்னுச்சு.”

“ஒரு எடத்துலயும் குடிக்கல?”

“எறங்கத் தெரிஞ்சாத்தானே குடிக்கிறதுக்கு.”

பெஞ்சில் யாரோ ஒருவருக்கு அடக்க முடியாமல் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமையாசிரியர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. அந்த நேரத்தில் கடைக்காரர் வெளியே வந்து, யாரையும் கவனிக்காமல், ஒரு கை சுண்டலோடு நேரே சுல்தானிடம் போய், “என்னடா இவ்வளவு நேரம், பாய் வரலியா” என்று கேட்டுக்கொண்டே ஊட்டினார். தலைமையாசிரியர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். சுல்தானின் வாயைப் பார்த்தார். முதல் நாள் காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவர் கண்ணுக்குள் வரிசையாக ஓடியதை நான் பார்த்தேன். சரித்திரம் படித்தவர் இல்லையா, சான்று கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் எறங்கத் தெரியலீங்க” என்றார் மெதுவாக.

முசேக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கடைக்குள்ளே போய், இலையில் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கி வந்தார். முதலில் தான் ஒரு வாய் போட்டு, உப்பு போதவில்லை என்று கடைக்காரரிடம் குறை சொன்னார். பிறகு சுல்தானின் மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து பாலத்தை நோக்கிப் போனார். சுல்தான் பின்னாலேயே போனது. அதன் மேலே தலைமையாசிரியர், அதற்குப் பின்னால் மதாம், அதற்கும் பின்னால், ஓடிய ஓட்டத்தில் மறுபடி ஒரு செருப்பை விட்டுவிட்ட நான். முதுகுக்குப் பின்னால் கையை வைத்தபடியே பெஞ்சுக்காரர்கள் பாலம் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

பாலத்தின் மறுபக்கம் சோதனைச்சாவடி. பூவத்திலிருந்து வருகிறவர்களை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பது போலீஸ்காரர்களின் வழக்கம். எங்களையும் ஊதச் சொன்னார்கள். வழியில் முசே எல்லோருக்கும் பொட்டலத்திலிருந்து கொடுத்திருந்தார். ஆளுக்கு ஆள் சுண்டல் வாசனை. தலைமையாசிரியர் குதிரை மேலிருந்து குனிந்து ஊதினார். போலீஸ்காரர் சல்யூட் அடித்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்ததும் சுல்தானை ஒரு மேட்டோரமாக நிறுத்தி, அவரை இறக்கினோம். நான் தள்ளி நின்று, இப்போது பொய் சொல்கிற வீட்டைப் பற்றிய இரண்டாவது நிபந்தனையை எடுப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். எடுத்தார். குதிரைப்படை என்று எழுதியது யார் என்று கேட்டார். தரகர் எழுதினார், நான் அதை அடித்துத் திருத்தவில்லை, அது என் தப்பு என்றார் முசே. தலைமையாசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நொண்டி நடந்தார்.

“என் பசங்க அத்தன பேருக்கு முன்னாடி ஒத்துக்கிட்டீங்க. அங்க நின்ன ஒருத்தனும் ஒரு நாளும் எங்கிட்ட அப்படி ஒத்துக்கிட்டதில்ல.” இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு, “கல்யாணத்துக்கு எத்தன பேருக்குச் சமைக்க முடியும்?” என்று கேட்டார்.

“ஒரு பட்டாளத்துக்குங்க” என்றார் முசே.

பூம்புகார் வரைக்கும் போகவில்லை. அவர் குதிகாலும் முசேயின் தொடையும் ஒத்துழைக்கவில்லை. அந்த வழியில் பிறகு நான் எத்தனையோ பேரைக் கூட்டிப்போனேன். மதாமின் வெள்ளோட்டம் எப்படி வெற்றி பெற்றது என்று யாராவது கேட்டால், என் சமயோசிதம்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்களிடம் அதைச் சொன்னால் நீங்களும் என்றாவது ஒரு நாள் ஒரு கள்ளுக்கடை வாசலில் நின்று ராணி குளித்த குளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

நடந்தது இதுதான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைக் கடை கடையாக இறக்கிவிட்டுப் பழகிய குதிரை சுண்டலுக்குப் போனது. நாங்கள் குதிரைக்குப் பின்னால் போனோம். தை மாதம் தரங்கம்பாடியில் கல்யாணம் நடந்தது, சமையல் மாப்பிள்ளையின் அப்பா. காரைக்காலிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்த பாயின் ஜட்கா, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. வழியில் பூவத்தில் நின்றுவிட்டது.